வாசலுக்கு வந்த கடை

 

சில மாதங்களுக்கு முன் மூன்றாம் ஆண்டு வகுப்பில் தமிழ்மொழிப் பாடம் நடத்திக்கொண்டிருந்தேன். தலைப்பு, தொழில்கள். ஒவ்வொரு மாணவரும் எழுந்து தம் பெற்றோர் செய்யும் தொழிலைப் பற்றி இரண்டு வாக்கியம் பேச வேண்டும். தாதி, பேருந்து ஓட்டுநர், தொழிற்சாலைப் பணியாளர், பாதுகாவலர் என்று பிள்ளைகள் மகிழ்ச்சியுடன் சொல்லி அமர்ந்தனர். ஒரு மாணவன் மட்டும் எழுந்து நின்றான், பேசவில்லை. பக்கத்தில் இருந்தவன் அவனுக்கு உதவுவதாக எண்ணிக்கொண்டு, "டீச்சர், அவங்கப்பா மோட்டார்ல வீடு வீடா சாமான் கொண்டு போறவரு" என்றான். நான்கைந்து பேர் சிரித்துவிட்டனர். அந்த மாணவன் மேசையைப் பார்த்தபடி உட்கார்ந்துகொண்டான்.

"அது நீண்ட வரலாறு உடைய தொழில். அடுத்த வாரம் சொல்கிறேன், கேளுங்கள்" என்று வகுப்பிற்குச் சொல்லிவிட்டேன். அந்த ஒரு வாக்கைக் காப்பாற்றுவதற்காகத் தேடிப் படித்தவற்றின் தொகுப்பே இக்கட்டுரை. இணையத்தில் மளிகைப் பொருள் வாங்குவதும் அது வீடு தேடி வருவதும் இன்று நமக்கு இயல்பாகிவிட்டன. ஆனால், அதன் பின்னால் நூறாண்டுக்கும் மேற்பட்ட கதை இருக்கிறது. அக்கதையின் நடுவில் ஒரே ஒரு கேள்வி திரும்பத் திரும்ப எழுகிறது: கடையிலிருந்து நம் வாசல் வரை உள்ள அந்தத் தூரத்திற்கு யார் விலை கொடுப்பது?

தோட்டத்து வாசல்

உலகக் கதைக்குப் போகும் முன் நம் வாசலிலிருந்தே தொடங்குவோம். நான் பிறந்து வளர்ந்தது ஒரு இரப்பர்த் தோட்டத்தில். 1980களில் எங்கள் லயத்திற்குக் கடை நடந்தே வரும். அல்லது மோட்டாரில் வரும். மாலை நான்கு மணிக்கு ஊதுகுழலை அழுத்திக்கொண்டு ரொட்டிக்காரர் வருவார். வாரத்தில் இரண்டு நாள் காய்கறி வேனும் மீன்காரரும் வருவார்கள். எங்கள் தாத்தா காலத்தில் பால்காரர் மிதிவண்டியில் வந்ததைப் பாட்டி சொல்வார். மலாயாவிலும் சிங்கப்பூரிலும் மாடு வளர்த்து, கறந்த பாலை வீடு வீடாக ஊற்றிச் சென்றவர்களில் தமிழர் பலர் என்பதை மூத்த வாசகர்கள் அறிவீர்கள்.

அரிசி, மாவு, எண்ணெய் போன்றவற்றுக்கு மட்டும் தவுக்கே கடை. அங்கே 555 என்று அட்டையில் அச்சிட்ட சிறிய புத்தகத்தில் கணக்கு ஏறும். சம்பளம் போட்டதும் தீர்க்கப்படும். அம்மா ஒரு தாளில் எழுதிக் கொடுத்துவிட்டால், கடைப்பையன் மிதிவண்டியில் சாமானைக் கொண்டுவந்து திண்ணையில் இறக்கிவிட்டுப் போவான். பட்டியல், கடன் கணக்கு, வீட்டு விநியோகம் ஆகிய மூன்றும் அன்றே இருந்தன. திறன்பேசி மட்டும்தான் இல்லை.

ஒன்று நன்றாக நினைவிருக்கிறது. ரொட்டிக்காரரிடம் ரொட்டி, கடையை விட ஐந்து காசு அதிகம். "ஏம்மா இங்க மட்டும் கூட?" என்று நான் கேட்டேன். "இவ்வளவு தூரம் வர்றாருல்ல" என்றார் அம்மா. பேச்சு அதோடு முடிந்தது. அந்த ஐந்து காசு எதற்கு என்பது கொடுப்பவருக்கும் தெரியும், வாங்குபவருக்கும் தெரியும். இந்த ஐந்து காசை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள். கட்டுரை முழுவதும் அதற்கு வேலை இருக்கிறது.

கூடை நம் கைக்கு வந்த கதை

நூறாண்டுகளுக்கு முன் மேலை நாடுகளிலும் நிலைமை இதுவே. மளிகைக் கடையில் வாடிக்கையாளர் பொருளைத் தொடுவதில்லை. மேசைக்கு இந்தப் பக்கம் நின்று கேட்பார். அந்தப் பக்கம் நிற்கும் பணியாளர் எடுத்து, நிறுத்து, பொட்டலம் கட்டிக் கொடுப்பார். கணக்கு ஏட்டில் ஏறும். பையன் மிதிவண்டியிலோ குதிரை வண்டியிலோ வீட்டில் சேர்ப்பான். தொலைபேசி வந்த பிறகு வசதியுள்ள வீடுகள் அதன் வழியாகவே பட்டியல் சொல்லின.

இந்த வழக்கத்தை மாற்றியது விலைதான். அமெரிக்காவில் ஏ அண்ட் பி என்று சுருக்கமாக அழைக்கப்பட்ட கடைத்தொடர், 1912ஆம் ஆண்டு ஒரு புதிய வகைக் கடையைத் திறந்தது. அங்கே கடன் இல்லை. வீட்டு விநியோகமும் இல்லை. காசைக் கொடுத்து நீங்களே தூக்கிச் செல்ல வேண்டும். அதற்கு மாற்றாக விலை குறைவு. மக்கள் திரண்டனர். 1930ஐ ஒட்டி அந்நிறுவனத்திற்கு ஏறக்குறைய 15,000 கடைகள் இருந்தன.

அடுத்த படி 1916 செப்டம்பரில் நிகழ்ந்தது. டென்னசி மாநிலத்தின் மெம்பிஸ் நகரில் கிளாரன்ஸ் சாண்டர்ஸ் என்பவர் பிக்லி விக்லி என்னும் கடையைத் திறந்தார். வாசலில் ஒரு கூடையைக் கொடுத்து, நீங்களே அடுக்குகளிலிருந்து எடுத்துக்கொள்ளுங்கள் என்றார். பணியாளர் செய்த வேலையை இப்போது வாடிக்கையாளர் செய்தார். அந்தக் கூலி மிச்சமாயிற்று. விலை மேலும் இறங்கியது.

1937இல் ஓக்லஹோமா நகரில் கடை வைத்திருந்த சில்வன் கோல்ட்மன், கூடை நிறைந்ததும் மக்கள் வாங்குவதை நிறுத்திவிடுவதைக் கவனித்துச் சக்கரம் வைத்த தள்ளுவண்டியை அறிமுகப்படுத்தினார். தொடக்கத்தில் யாரும் அதைத் தொடவில்லையாம். தங்களை வலுவற்றவர் என்று நினைப்பார்களே என்று ஆண்கள் தயங்கினர். குழந்தை வண்டியைத் தள்ளியது போதாதா என்று பெண்கள் சலித்தனர். பிறகு அவர் ஆள்களை அமர்த்தி வண்டியைத் தள்ளச் செய்து, மற்றவர்களைப் பழக்கினார்.

ஆக, பொருளைத் தேடி எடுப்பது, சுமப்பது, வீடு சேர்ப்பது என்ற மூன்று வேலைகளும் கடைக்காரரிடமிருந்து நம் தோளுக்கு மாறின. அதை நாம் வேலையாகக் கருதவில்லை, கூலியும் கேட்கவில்லை. பேரங்காடியின் மலிவு விலைக்குள் நம்முடைய இலவச உழைப்பும் சேர்ந்திருக்கிறது. பின்னால் வந்த இணையக் கடைகள் பலவும் தடுக்கி விழுந்தது இந்த இடத்தில்தான்.

இடையில் அஞ்சல் துறையும் ஒரு முயற்சி செய்தது. அமெரிக்க அஞ்சல் துறை 1913ஆம் ஆண்டு முதல் நாள் பொட்டல அஞ்சல் சேவையைத் தொடங்கியது. அடுத்த ஆண்டே விவசாயிகள் முட்டை, வெண்ணெய், காய்கறி ஆகியவற்றை நகரத்து வீடுகளுக்கு நேரடியாக அஞ்சலில் அனுப்பும் திட்டம் வந்தது. முட்டையை அஞ்சலில் அனுப்புவதா என்று மாணவர்கள் வியந்து கேட்டனர். அனுப்பினார்கள், அதற்கென்றே தடுப்புகள் வைத்த பெட்டிகளும் விற்பனைக்கு வந்தன!

பிரிட்டனில் பால் மட்டும் விதிவிலக்காக நீண்ட காலம் வாசலுக்கே வந்தது. 1970களில் அந்நாட்டு வீடுகள் வாங்கிய பாலில் பத்தில் ஒன்பது பங்கு பால்காரர் வைத்துச் சென்ற புட்டிகளே. குளிர்பதனப் பெட்டியும் பேரங்காடியின் மலிவுப் பாலும் பெருகிய பின், 2010களில் அது இருபதில் ஒரு பங்கிற்கும் கீழே இறங்கிவிட்டது.

ஒரு மூதாட்டியும் தொலைக்காட்சிப் பெட்டியும்

இணையக் கடையின் தொடக்கம் எங்கே என்று கேட்டால், பெரும்பாலோர் ஏதேனும் ஒரு பெருநகர நிறுவனத்தின் பெயரைச் சொல்வார்கள். உண்மையில் அது வட இங்கிலாந்தின் கேட்ஸ்ஹெட் என்னும் ஊரில், ஒரு மூதாட்டியின் வரவேற்பறையில் நிகழ்ந்தது.

மைக்கேல் ஆல்ட்ரிச் என்பவர் ரெடிஃபோன் என்னும் பிரிட்டிஷ் கணினி நிறுவனத்தில் பணியாற்றியவர். 1979இல் ஒருநாள் மனைவியுடன் நடந்து செல்கையில், வாரந்தோறும் பேரங்காடிக்குச் சென்றுவரும் அலுப்பைப் பற்றிப் பேச்சு வந்ததாம். தொலைக்காட்சிப் பெட்டியைத் தொலைபேசிக் கம்பி வழியாகக் கடையின் கணினியோடு இணைத்தால் என்ன என்று அவர் எண்ணினார். இணைத்தும் காட்டினார்.

அந்தத் தொழில்நுட்பத்தைக் கேட்ஸ்ஹெட் நகராட்சி எடுத்துக்கொண்டது. அதன் நோக்கம் ஆதாயம் அன்று. வெளியே சென்றுவர இயலாத முதியோரும் உடற்குறை உடையோரும் வீட்டிலிருந்தே கடைச் சாமான் வாங்க வழி செய்வதே நோக்கம். 1984 மே மாதம், 72 வயதான ஜேன் ஸ்னோபால் அம்மையார் தம் நாற்காலியில் அமர்ந்து, தொலைக்காட்சியின் கையடக்கக் கருவியில் பொத்தான்களை அழுத்தினார். மார்கரின், கார்ன்ஃபிளேக்ஸ், முட்டை. இந்த மூன்றே பொருள்கள்! டெஸ்கோ கடையிலிருந்து அவை அவர் வீட்டிற்கு வந்தன. பொருள் கைக்கு வந்த பின் ரொக்கமாகப் பணம் கொடுத்தார்.

உலகளாவிய வலை என்று நாம் சொல்லும் இணையத்தளங்கள் பிறப்பதற்குப் பல ஆண்டுகளுக்கு முந்தைய நிகழ்ச்சி இது. அந்த அம்மையாரிடம் கணினி இல்லை. இருந்தது ஒரு தேவை. இதை வகுப்பில் சொன்னபோது ஒரு மாணவி, "டீச்சர், அப்படின்னா இது பாட்டிங்களுக்காகக் கண்டுபிடிச்சதா?" என்று கேட்டாள். ஆம் என்றேன்.

பில்லியன் டாலர் பாடம்

அடுத்து அமெரிக்கா. 1989இல் சிகாகோ வட்டாரத்தில் ஆண்ட்ரூ, தாமஸ் பார்க்கின்சன் என்னும் சகோதரர்கள் பீபாட் என்ற சேவையைத் தொடங்கினர். வாடிக்கையாளர் தம் கணினியில் மென்பொருளை ஏற்றி, மோடம் வழியாகத் தொலைபேசியில் இணைந்து பட்டியல் அனுப்ப வேண்டும். கிடங்கு கட்டவில்லை, ஏற்கெனவே இருந்த ஒரு பேரங்காடிக்கே சென்று பொருளை எடுத்து வந்தனர். தொடக்க நாள்களில் சகோதரர்களே எடுத்து, கட்டி, வண்டியோட்டியும் சென்றனர். எனவே ஒரு வீட்டிற்குச் சாமான் சேர்ப்பது எவ்வளவு கடினம் என்பதை அவர்கள் முதுகே அறிந்திருந்தது.

அதற்கு நேர் எதிரான கதை வெப்வேன். புத்தகக் கடைத்தொடர் ஒன்றை நிறுவிப் புகழ்பெற்ற லூயிஸ் போர்டர்ஸ் 1996இல் அதைத் தொடங்கினார். 1999 ஜூனில் சான் பிரான்சிஸ்கோ வட்டாரத்தில் சேவை ஆரம்பமாயிற்று. ஓக்லாந்தில் பல மைல் நீளத்திற்கு ஓடும் பட்டைகளுடன் மாபெரும் தானியங்கிக் கிடங்கு. அது வெற்றி பெறுமா என்று தெரியும் முன்பே, மேலும் 26 கிடங்குகளைக் கட்ட ஒரு பில்லியன் டாலர் ஒப்பந்தம். 50 டாலருக்கு மேல் வாங்கினால் விநியோகம் இலவசம். நீங்கள் குறிக்கும் அரை மணி நேரத்திற்குள் பொருள் வந்துவிடும். அதே ஆண்டு நவம்பரில் பங்குச் சந்தையில் 375 மில்லியன் டாலர் திரட்டினார்கள்.

2001 ஜூலையில் வெப்வேன் மூடப்பட்டது. ஏறக்குறைய 2,000 பேர் வேலை இழந்தனர்.

ஏன்? மளிகை வணிகத்தில் ஆதாயம் மிகக் குறைவு. நூறு டாலருக்கு விற்றால் கையில் நிற்பது ஓரிரு டாலர்தான். வாடிக்கையாளர் இலவசமாகச் செய்துவந்த தேடுதல், சுமத்தல், வீடு சேர்த்தல் ஆகிய மூன்றையும் இப்போது நிறுவனம் கூலி கொடுத்துச் செய்கிறது. விலையோ பேரங்காடியின் விலை. ஒரு வண்டி ஒரு மணி நேரத்தில் சில வீடுகளுக்குத்தான் செல்ல முடியும். வீடுகள் நெருக்கமாக இல்லாவிட்டால் அதுவும் குறையும். அந்த மாபெரும் கிடங்கின் பெரும்பகுதி பயன்படாமலே கிடந்தது. சுருங்கச் சொன்னால், ரொட்டிக்காரரின் ஐந்து காசை வாங்காமலேயே ரொட்டியை வாசலுக்குக் கொண்டுவர முயன்றார்கள்.

அதே காலத்தில் டெஸ்கோ வேறு வழியில் சென்றது. 1996இல் இணைய விநியோகத்தைத் தொடங்கியபோது, அது புதிய கிடங்கு கட்டாமல், இருக்கும் கடைகளிலேயே பணியாளரைக் கொண்டு பொருளை எடுத்தது. விநியோகத்திற்கு 5 பவுண்டு கட்டணம் என்று வெளிப்படையாகச் சொன்னது. வியப்பு ஏதும் இல்லாத இந்த முறைதான் நிலைத்தது. புதிய நூற்றாண்டின் தொடக்கத்திலேயே டெஸ்கோ உலகின் மிகப் பெரிய இணைய மளிகை வணிகர் ஆகிவிட்டது.

வெப்வேனின் பாடம் முற்றிலும் வீணாகவில்லை. அங்குப் பணியாற்றிய மிக் மவுண்ட்ஸ் என்பவர், ஆள் பொருளைத் தேடிச் செல்வதற்கு மாறாக அடுக்கே ஆளைத் தேடி வரும் இயந்திரங்களை உருவாக்கக் கீவா என்னும் நிறுவனத்தை 2003இல் நிறுவினார். 2012இல் அமேசான் அதை 775 மில்லியன் டாலருக்கு வாங்கியது. தோல்வியிலிருந்து கற்றுக்கொள்ளலாம் என்று நாம் மாணவர்களுக்குச் சொல்வதற்கு இது நல்ல எடுத்துக்காட்டு.

நம் வட்டாரம்

ஆசியாவில் இக்கதை சற்றுத் தாமதமாகத் தொடங்கியது. ஆனால் விரைவாக நடந்தது. இந்தியாவில் 1999இல் பெங்களூரில் ஃபேப்மார்ட் என்ற இணையக் கடையைத் தொடங்கிய நண்பர்கள், பிறகு அதைத் தெருக்கடைகளாக மாற்ற வேண்டியிருந்தது. இணையம் பரவிய பின், 2011இல் அவர்களில் பலர் மீண்டும் கூடிப் பிக்பாஸ்கெட்டைத் தொடங்கினர். அதே 2011இல் தென்கொரியாவில் டெஸ்கோவின் கிளை நிறுவனமான ஹோம்பிளஸ், சியோல் நகரச் சுரங்க இரயில் நிலையத்தின் சுவரில் கடை அடுக்குகளின் படங்களை ஒட்டியது. பயணிகள் இரயிலுக்குக் காத்திருக்கும்போது படத்திற்குக் கீழுள்ள குறியீட்டைத் திறன்பேசியால் வருடினால், பொருள் வீட்டிற்குப் போய்விடும்.

சிங்கப்பூரில் ரெட்மார்ட் 2011இல் தோன்றியது. 2016இல் லாசாடாவின் கைக்கு மாறியது. 2015இல் அங்குத் தொடங்கிய ஹானஸ்ட்பீ பல நாடுகளுக்கு விரைந்து பரவி, 2019இல் கடன் சுமை தாங்காமல் சரிந்தது. நம் மலேசியாவில் டெஸ்கோ 2013இல் இணைய விநியோகத்தைத் தொடங்கியது. அந்தக் கடைகள் பின்னர் தாய்லாந்து நிறுவனமொன்றின் உரிமையாகி, 2021 முதல் லோட்டஸ் என்னும் பெயரில் இயங்குகின்றன. 2015ஐ ஒட்டி வந்த ஹேப்பிஃபிரெஷ் 2022இல் மலேசியச் சேவையை நிறுத்திக்கொண்டது.

பெயர்கள் வருவதும் போவதுமாக இருப்பதைக் கவனியுங்கள். மக்களுக்குத் தேவை இல்லாமல் இவை வீழவில்லை. தேவை இருந்தது, விலைதான் பொருந்தவில்லை.

கதவு மூடிய நாள்கள்

2020 மார்ச் 18ஆம் நாள் மலேசியாவில் நடமாட்டக் கட்டுப்பாட்டு ஆணை நடப்புக்கு வந்தது. குடும்பத் தலைவர் ஒருவர் மட்டும் வெளியே சென்று சாமான் வாங்கலாம். பத்துக் கிலோமீட்டருக்குள் இருக்க வேண்டும். மாநில எல்லையைக் கடக்கக் கூடாது. எழுபது வயதைக் கடந்த என் தாயார் வேறு மாநிலத்தில் தனியே இருந்தார்.

அன்றுதான் இந்தச் சேவை ஏன் தோன்றியது என்பது எனக்கு உண்மையாகப் புரிந்தது. என் அம்மாவும் ஒரு ஜேன் ஸ்னோபால் அம்மையார் ஆனார். பொத்தானை அழுத்தும் கை மட்டும் என்னுடையது. விநியோகத்திற்கான நேரம் எதுவும் கிடைக்கவில்லை. நள்ளிரவு பன்னிரண்டு மணிக்குப் புதிய நாளின் பட்டியல் திறக்கும் என்று கேள்விப்பட்டுக் கண்விழித்திருந்தேன். மூன்றாம் இரவு இடம் கிடைத்தது. அரிசி, பருப்பு, பால்மாவு, முட்டை என்று பதிவு செய்துவிட்டுத்தான் தூங்கினேன்.

பொருள் வந்த அன்று அம்மாவிடம் தொலைபேசியில் எல்லாம் வந்ததா என்று கேட்டேன். அம்மாவின் கவலை வேறாக இருந்தது. "வெயில்ல வந்த பையன் கேட்டிலேயே மாட்டிட்டுப் போயிட்டான். ஒரு வாய் தண்ணிகூடக் கொடுக்க முடியலையே" என்றார்.

உலகெங்கும் இதே நிலை. பிரிட்டனில் டெஸ்கோ நிறுவனம் வாரத்திற்கு ஏறக்குறைய 600,000 வீட்டு விநியோகங்கள் என்னும் நிலையை எட்ட இருபதாண்டுகளுக்கு மேல் ஆகியிருந்தது. 2020இல் அதை இரு மடங்காக்கச் சில வாரங்களே ஆயின. முப்பத்தாறு ஆண்டுகளுக்கு முன் ஒரு நகராட்சி முதியோருக்காகச் செய்து பார்த்த சோதனை, ஒரே மாதத்தில் அனைவரின் தேவையும் ஆகிவிட்டது.

பத்து நிமிடப் பந்தயம்

பெருந்தொற்றோடு மற்றொன்றும் வளர்ந்தது. பத்து நிமிடத்தில் கொண்டுவந்து தருகிறோம் என்னும் பந்தயம். 2015இல் இஸ்தான்புல்லில் தொடங்கிய கெட்டிர், 2020இல் பெர்லினில் தொடங்கிய கொரில்லாஸ் போன்ற நிறுவனங்கள், குடியிருப்புகளுக்கு நடுவே வாடிக்கையாளர் நுழையாத சிறு கிடங்குகளை அமைத்து, மிதிவண்டி ஓட்டிகளை விரட்டின. கொரில்லாஸ் ஓட்டிகள் 2021இல் பெர்லினில் போராட்டத்தில் இறங்கினர். 2022 இறுதியில் கெட்டிர் கொரில்லாஸை வாங்கியது. 2022இல் ஏறக்குறைய 12 பில்லியன் டாலர் என்று மதிப்பிடப்பட்ட கெட்டிரே, 2024 ஏப்ரலில் பிரிட்டன், ஐரோப்பிய நாடுகள், அமெரிக்கா ஆகியவற்றிலிருந்து வெளியேறுவதாக அறிவித்துத் துருக்கிக்குத் திரும்பியது. இந்தியாவின் பெருநகரங்களில் மட்டும் இந்த அதிவேகச் சேவை வேரூன்றி வளர்ந்திருக்கிறது. நெருக்கமான குடியிருப்பும் குறைந்த கூலியும் அதற்குத் துணை நிற்கின்றன.

இங்கேதான் என் வகுப்பு மாணவனின் தந்தை வருகிறார். வெப்வேன் காலத்தில் தூரத்தின் விலையை முதலீட்டாளர் கொடுத்தார். பணம் தீர்ந்ததும் நிறுவனம் விழுந்தது. இன்று பல இடங்களில் அந்த விலையை ஓட்டியே கொடுக்கிறார். மோட்டார் அவருடையது, பெட்ரோல் அவருடையது, காத்திருக்கும் நேரம் அவருடையது, மழையில் வழுக்கி விழுந்தால் வலியும் அவருடையது. திரையில் 'இலவச விநியோகம்' என்று பார்க்கும் நாம், ஐந்து காசு எங்கே போயிற்று என்று கேட்பதில்லை.

இந்நிலை மாறத் தொடங்கியிருப்பது மகிழ்ச்சிக்குரியது. சிங்கப்பூரில் 2025 ஜனவரி முதல் நாள் நடப்புக்கு வந்த இணையத்தள ஊழியர் சட்டம், வேலையிட விபத்து இழப்பீட்டிற்கும் மத்திய சேமநிதிப் பங்களிப்பிற்கும் வழி செய்துள்ளது. மலேசிய நாடாளுமன்றத்தின் இரு அவைகளும் 2025இல் கிக் தொழிலாளர் மசோதாவை நிறைவேற்றின. சமூகப் பாதுகாப்புப் பங்களிப்பும் பிணக்குகளைத் தீர்க்கும் நடுவர் மன்றமும் அதில் அடங்கும். பெற்றோர்களில் இத்தொழில் செய்வோர் இருப்பின், இவற்றைப் பற்றிக் கேட்டு அறிந்துகொள்ளுமாறு வேண்டுகிறேன்.

பத்து யென்

நிறைவாக, எனக்கு மிகவும் பிடித்த கதை ஒன்று. ஜப்பானில் சிற்றூர்க் கடைகள் மூடப்பட்டு, பேருந்துகளும் குறைந்ததால், முதியோர் பலர் கடைக்குப் போக வழியின்றித் தவித்தனர். அவர்களைக் குறிக்க 'கடை அகதிகள்' என்று பொருள்படும் சொல்லே அம்மொழியில் தோன்றிவிட்டது. 2012இல் தோகுஷிமா மாநிலத்தில் தோகுஷிமாரு என்னும் நிறுவனம் அவர்களுக்காகத் தொடங்கப்பட்டது. அவர்கள் செயலியை நம்பவில்லை. சிறிய லாரி ஒன்றில் நூற்றுக்கணக்கான வகைப் பொருள்களை அடுக்கிக்கொண்டு வாரம் இரு முறை முதியோர் வீட்டு வாசலுக்கே சென்றனர். லாரிக்காரர் தம் சொந்த வண்டியில், ஊர்ப் பேரங்காடியின் பொருளை எடுத்து வந்து விற்பவர்.

அவர்கள் வகுத்த விதி எளியது. கடை விலையை விட ஒவ்வொரு பொருளுக்கும் பத்து யென் கூடுதல். அது லாரி வருவதற்கான விலை என்பதை வாங்கும் பாட்டிக்கு வெளிப்படையாகச் சொல்லிவிட்டார்கள். பாட்டிகள் கொடுத்தார்கள். அத்திட்டம் பிற மாநிலங்களுக்கும் பரவியது.

இதைப் படித்தபோது எங்கள் லயத்து வாசலில் நின்ற ரொட்டிக்காரரே என் கண்முன் வந்தார். "இவ்வளவு தூரம் வர்றாருல்ல" என்று அம்மா சொன்னதைத்தான் ஜப்பானியர் விதியாக எழுதி வைத்திருக்கிறார்கள்.

வகுப்பறைக்கு

ஆசிரியர் நண்பர்களே, இந்தப் பொருளைப் பாடமாக்குவது எளிது. நான் செய்தவற்றைச் சுருக்கமாகக் கூறுகிறேன்.

முதலாவது, கணிதம். ஓட்டி ஒருவருக்கு ஒரு விநியோகத்திற்கு 5 வெள்ளி என்று வைத்துக்கொள்வோம். நாளுக்கு 14 விநியோகம். பெட்ரோலுக்கு 12 வெள்ளி, மோட்டார் பராமரிப்பிற்கென 6 வெள்ளி எடுத்து வைக்கிறார். வீட்டிற்கு எவ்வளவு கொண்டு செல்வார்? 52 என்று விடை கண்டுபிடித்த பிள்ளைகள் சற்று நேரம் பேசவில்லை. மழை நாளில் பாதி விநியோகமே கிடைத்தால் என்று அடுத்த கேள்வி கேட்டேன்.

இரண்டாவது, வாய்மொழி. தாத்தா பாட்டியிடம், உங்கள் காலத்தில் வாசலுக்கு எதுவெல்லாம் விற்க வந்தது என்று கேட்டு வரச் சொன்னேன். பால், ரொட்டி, மீன், ஐஸ், துணி, பாத்திரம் என்று பட்டியல் நீண்டது. இரு மாணவர்களின் வீடுகளில் பழைய 555 புத்தகம் கிடைத்தது. அதில் இருந்த விலைகளைப் பார்த்து வகுப்பே வியந்தது.

பெற்றோர்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த முறை வாசலில் மணி அடிக்கும்போது பிள்ளையைச் சென்று பொருளை வாங்கச் சொல்லுங்கள். வந்தவரின் முகத்தைப் பார்த்து, நன்றி அண்ணே, நன்றி அக்கா என்று சொல்லப் பழக்குங்கள். முடிந்தால் குளிர்ந்த நீர் ஒரு புட்டி கொடுத்தனுப்பச் சொல்லுங்கள். விலை எப்படி உருவாகிறது என்பதையும் பணிவையும் அந்த அரை நிமிடத்தில் ஒருசேரக் கற்பிக்கலாம்.

அந்த மாணவனைப் பற்றிச் சொல்லாமல் முடிக்க இயலாது. நான் இக்கதைகளைச் சொல்லி முடித்த மறுநாள் அவன் தானாகவே எழுந்து வந்தான். தன் தந்தை எத்தனை வீடுகளுக்குச் செல்கிறார், எந்த மாடியில் மின்தூக்கி பழுது, எந்தப் பாட்டி சாமானைச் சமையலறை வரை கொண்டுவந்து வைக்கச் சொல்வார் என்றெல்லாம் இரண்டு வாக்கியத்திற்குப் பதில் பத்து வாக்கியம் பேசினான். இம்முறை யாரும் சிரிக்கவில்லை. பின்வரிசையிலிருந்து ஒரு கை உயர்ந்தது: "டீச்சர், எங்க மாமாவும் அந்த வேலதான்!"